எழில்மதியின் நூற்றெட்டு

டிசம்பர் 19, வெள்ளி

விரதம் நான்காம் நாள். வலைப்பக்கம் தடையில்லாமல் ஓடுகிறது, முருகன் அருள். என்னையும் சேர்த்துப் பதினொரு பெண்கள். தைப்பூசம் வரை நாற்பத்தெட்டு நாள், தினமும் நூற்றெட்டுக்குக் குறையாமல் 'ஓம் சரவணபவ' என்று போனில் எழுதி என் வலைப்பக்கத்தில் போட வேண்டும். எண்ணுவது நான் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல். இவர் எடைக்குப் போடவிருந்த லேப்டாப்பில் யூடியூப் பார்த்து இரண்டு வருஷமாகக் கற்றது.

இன்று ஒரு தப்பைப் பிடித்தேன். ஒருத்தி ஒரு நாளில் எழுதியது முழுவதும் ஒரே எழுத்துச் சரம்; அதை 'ஓம்' வரும் இடமெல்லாம் வெட்டி, துண்டுகளை எண்ணுகிறேன். முதல் 'ஓம்' என்பதற்கு முன்னால் உள்ள வெற்றிடமும் ஒரு துண்டாகி, எப்போதும் ஒன்று கூடுதலாக வருகிறது. மூன்று நாளாக எல்லோர் கணக்கிலும் ஒன்று ஜாஸ்தி! திருத்திவிட்டேன். மன்னிப்புக்கு ஒரு தேங்காய்.

டிசம்பர் 22, திங்கள்

ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். ஒருத்தி இரண்டு இடைவெளி விடுகிறாள், ஒருத்தி வரியை மடக்குகிறாள், ஒருத்தி புள்ளி வைக்கிறாள். வந்தவுடன் இவற்றையெல்லாம் துடைத்தெடுக்க ஒரு வரி சேர்த்தேன், முந்தைய நாட்களுடையதையும் துடைத்தேன். இப்போது எல்லாம் கல் பொறுக்கிய அரிசி.

டிசம்பர் 27, சனி

எங்கள் தெரு ஜெயம்மாள் அக்கா இன்று 131. நேற்று 117. அவருக்கு எண்ணிக்கை நிற்காது, "கம்மியா போச்சுன்னா தெய்வ குத்தம்" என்று மேலே மேலே எழுதுவார். மற்றவர்களும் அப்படித்தான். மலைமேல் கரியாலூர் எழில்மதி மட்டும் தினமும் 108. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுக்கு இது ஆறாம் மாதம். முன்பு இரண்டு தங்கவில்லை. இதாவது தங்கட்டும் என்றுதான் எழுதுகிறாள்.

ஜனவரி 5, திங்கள்

ஜெயம்மாள் அக்கா வாசலிலேயே நின்று கேட்டார். "ஏன்டி செல்வி, தெனம் எழுதுறாளுங்களா, நேத்து எழுதுனதையே ஒட்டிக்கினு இருக்காளுங்களா? உனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு இது தோன்றவில்லையே! கையால் எழுதினால் இரண்டு நாள் எழுத்து அச்சாக ஒன்றுபோல் வராது, எங்காவது இடைவெளி தப்பும். இன்றைய சரமும் முந்தின நாள் சரமும் ஒன்றா என்று பார்க்க, பக்கத்தின் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன். ஒன்றாக இருந்தால் 'ஒட்டியது' என்று காட்டும்.

ஜனவரி 6, செவ்வாய்

ஒருத்தி அகப்பட்டாள். எழில்மதி. இருபத்தொரு நாளும் ஒரே சரம்.

நான் மெச்சிய கணக்கு இதுதானா? எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: 'எழில்மதி முதல் நாள் எழுதியதையே தினமும் ஒட்டியிருக்கிறார். முருகனிடம் நகல் செல்லாது. நீக்கப்படுகிறார்.'

ஜெயம்மாள் அக்காவின் குரல் பதிவு உடனே வந்தது. "மலை மேல குந்திகினு முருகனையே ஏமாத்துறா பாரு. அவர் பாக்காத மலையாடி?" மற்ற எட்டுப் பேரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன்.

எழில்மதி போனில் கூப்பிட்டாள். "அக்கா, சத்தியமா எழுதுனேங்க்கா. வெளக்கு ஏத்தி வெச்சிட்டுதான் எழுதுறேன். நான் இன்னா தப்பு பண்ணேன், சொல்லுங்க."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 11, ஞாயிறு

பக்கம் ஏற்காததால் எழில்மதி தான் எழுதியதை வாட்ஸ்அப்பில் எனக்கே தினமும் அனுப்புகிறாள். திறக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

எழில்மதிக்குக் குழந்தை தங்கவில்லை. நேற்று வலி கண்டு, ஜீப்பில் இறக்கும்போது மலைப்பாதையிலேயே போய்விட்டது. ஏழாம் மாதம். பெண்.

"சாமிகிட்ட கள்ளக்கணக்கு எழுதுனா சும்மா வுடுவாரா?" என்றார் ஜெயம்மாள் அக்கா. நான் விளக்கேற்றி, நம் பக்கம் சுத்தமாக இருக்கிறது என்று நன்றி சொன்னேன்.

ஜனவரி 22, வியாழன்

ஜெயம்மாள் அக்கா ஜபம் எண்ணும் சின்ன மெஷின் ஒன்று வாங்கி விரலில் மாட்டிக்கொண்டார். நேற்றும் சரியாக 108, இன்றும் சரியாக 108. பக்கம் அவரையும் 'ஒட்டியது' என்கிறது! "நானாடி திருடி?" என்று வூட்டுக்கே வந்து கத்தினார்.

உலையை இறக்கிவைத்துவிட்டு நிரலைப் பார்த்தேன்.

துடைக்கும் வரி மேலே இருக்கிறது. ஒப்பிடும் வரி கீழே. இடைவெளி, மடக்கு, புள்ளி எல்லாம் போன பிறகுதான் ஒப்பிடுகிறது. எல்லோரும் எழுதுவது ஒரே மந்திரம் — அப்புறம் நூற்றெட்டும் நூற்றெட்டும் ஒன்றாகத்தானே இருக்கும்? கூடக்குறைய எழுதினவளுங்க எல்லாம் தப்பிச்சாளுங்க. எண்ணி எழுதினவ மாட்டினா.

அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதினொன்றையும் திறந்தேன். துடைக்காதவை. ஓரிடத்தில் இரண்டு இடைவெளி, ஓரிடத்தில் வரி பாதியில் மடங்கியிருக்கிறது. ஒன்றுபோல் ஒன்று இல்லை.

அந்த இரண்டு வரியையும் அழித்தேன். ஜெயம்மாள் அக்காவிடம் நெட் கோளாறு என்றேன்.

சொல்லணுமா? யார்கிட்ட? சொன்னா குழந்தை வருமா?

முருகா.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். பத்துப் பெயர் எழுதிய தாளைச் சந்நிதியில் வைத்தார்கள். பக்கம் செய்தவள் என்று எனக்கு மாலை போட்டார்கள்.

பிப்ரவரி 4, புதன்

எழில்மதி வந்தாள். கரியாலூரிலிருந்து முதல் பஸ். இவர் வயலுக்குப் போயிருந்தார். மெலிந்துபோயிருக்கிறாள், ஜாக்கெட்டில் பால் கசிந்த ஈரம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, படுத்துக்கினே யோசிச்சேன். ஓம்னு அடிச்சாலே மிச்சத்த போனே மேல காட்டுது இல்ல? கை வலிச்ச அன்னிக்கு அத்த அமுக்கிட்டேன். அத்தத்தான கண்டுபுடிச்சீங்க? அதனாலதான எனக்கு…"

போன் காட்டுவதை எல்லோரும்தான் அமுக்குகிறோம். நான் தினமும் அமுக்குகிறேன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றேன்.

அழவில்லை. "இன்னான்னு தெரிஞ்சிடுச்சு. அது போதுங்க்கா" என்றாள்.

பங்குனி உத்திரம் வரைக்கான புது விரத வரிசையில் அவள் பெயரைச் சேர்த்தேன். இந்த முறை ஒவ்வோர் எழுத்தாகத்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டினாள்.