வெள்ளி ஆம்ப்ளிஃபயரையே வைத்துக்கொண்டோம்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் என் பதிலையும் சேர்த்து அப்பாவே சொல்லிவிடுகிறார், இது அவர் எதிரில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

ஆம்ப்ளிஃபயர் வாங்கிக்கொள்ளச் சொல்லி நீ பரிசாக அனுப்பிய பணத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் உன் அப்பாவுக்குப் பாதி வயது குறைந்துவிட்டது. கடைக்காரர் பழைய சிநேகிதர், அதனால் போட்டிக் கம்பெனிகள் இரண்டின் பெட்டியையும் வீட்டுக்கே அனுப்பி, ஒரு வாரம் கேட்டுப் பார்த்து வேண்டியதை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று கறுப்பு, மற்றது வெள்ளி நிறம். கறுப்புக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு விலை, முகப்பில் திருகுகிற குமிழ் ஒரே ஒன்றுதான். வெள்ளியில் குமிழும் பொத்தானுமாக இறைந்து கிடக்கிறது. எதைப் பார்த்தாலும் மின்தடை எத்தனை ஓம்ஸ் என்று கேட்பாரே, அப்பாவின் ஆபீஸ் நண்பர், நம் ஓம்ஸ் மாமா, அவர் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொண்டார். சத்தத்தைச் சமமா வை, கொஞ்சம் கூடினாலும் அதுதான் ஒசத்தின்னு காது சொல்லிடும் என்று அப்பா அவரை அதட்டுவார். இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் கேட்டார்கள். கறுப்பில் பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடத் தனியாகத் தெரிந்தது. வெள்ளியில் குரல் இதம்தான், ஆனால் வாத்தியங்கள் எல்லாம் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாதி விலைக்கு முக்கால்வாசி சுகம் கிடைக்குதே என்று நான் வாயை விட்டேன். யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமா தங்கச்சி என்று மாமா உன் அப்பாவின் பெரிய ஸ்பீக்கர்களைக் காட்டினார். வெள்ளியில் மோனோ என்று ஒரு பொத்தான், இரண்டு பக்கச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து கொடுப்பது. அதைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு. ரெண்டு ஸ்பீக்கர் வாங்கினவன் கலந்தடிச்சுக் கேட்கவா வாங்கினான் என்றார். அப்பாவும் சிரித்தார்.

போன வருஷக் காய்ச்சலில் என் வலது காது போனது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் பகலில் அப்பாவோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டது தெரியாது. மாடி வீட்டு நர்ஸ் நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறாள், அதனால் அந்த நேரத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு ஹெட்போன்தான். பழைய ரெக்கார்டுகளில் குரலை ஒரு பக்கமும் வயலினை மறுபக்கமுமாகப் பிரித்து வைத்திருப்பார்கள். பாடுகிறவள் நிறுத்துவாள், வயலின் பதில் சொல்ல வேண்டும், எனக்கு அங்கே ஒன்றுமே இருக்காது. யாரோ வருவதாகச் சொல்லிவிட்டு வராத வாசலில் நிற்பது போல. புத்தகம் படிக்கணும் என்று எழுந்து உள்ளே போய்விடுவேன். அப்பா ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமா இல்லாத நேரம், ஒரே ஒரு பாட்டு கேளேன் என்று ஹெட்போனை நீட்டினார். மனசில்லாமல் போட்டுக்கொண்டேன். அவள் பாடி நிறுத்தினாள். வயலின் வந்தது, என் இடது காதிலேயே வந்தது. நிமிர்ந்தால் அப்பாவின் விரல் அந்த மோனோ பொத்தான் மேல் இருந்தது. வருதா என்று வாயசைத்தார். தலையை ஆட்டினேன்.

கறுப்பில் அந்தப் பொத்தான் கிடையாது. மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உங்களுக்குப் பிடிச்சது அதுதானே என்றேன். நீ உள்ளே போய் உட்கார்ந்துட்டா பாட்டு நல்லாயிருக்குல்லன்னு நான் யார்கிட்ட சொல்றது, அந்த ஓம்ஸ்கிட்டயா என்றார். பெற்ற பெண்ணுக்கு நன்றி சொல்வது வழக்கமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். நீ ஆம்ப்ளிஃபயர் என்று அனுப்பியது எனக்கு அவர் பக்கத்து நாற்காலியாக வந்து சேர்ந்தது.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் சேர்ந்து இருக்க வேண்டும். ஹெட்போனில் சத்தத்தைக் குறைத்து வை, காது சமாச்சாரம், விளையாட்டில்லை. இன்னொன்று, கறுப்புப் பெட்டி ரொம்பச் சூடாகிறது, அதனால்தான் வேண்டாமென்றேன் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவருகிறார். உன்னிடமும் சொல்வார். ஆமாம்பா, சூடானா ஆபத்துதான் என்று சொல்லிவிடு.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா