போனில் தெரியாத நேரம்

செவ்வாய், இரவு.

செல்வபாயின் கணவர் இறந்தபின் அவள் வீட்டில் இன்று முதல் ஜெபக்கூட்டம். வழக்கமான ஆறு மணியை நாலாக மாற்றியிருந்தோம். ஆயரையும் என்னையும் தவிர யாரும் வரவில்லை.

“ஆளுவளுக்கு என்னை வேண்டாமாயிட்டோ அண்ணா?” என்றாள்.

சபை இணையதளத்தில் அட்டவணை போட்டவன் நான். ஊரில் செல்வபாய்கள் மூன்று பேர் உண்டு என்று, பக்கம் அமைக்கும் பூட்ஸ்ட்ராப் கருவியின் பன்னிரண்டு பங்கு அகலத்தில் எட்டை வீட்டுப்பேருக்கே கொடுத்து, வரி மடியாமலும் செய்திருந்தேன். கணினியில் சரியாக இருந்தது. அங்கேயே போனில் பார்த்தேன். நேரம் திரைக்கு வெளியே போயிருந்தது. அவளிடம் காட்டாமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நான் வீடு திரும்பியபின், ஆறு மணிக்கு அவளே போனில் கூப்பிட்டாள். “அண்ணா, முற்றம் நிறைய ஆளு நிக்கினும். போட்ட சாயா காணாது. ஆயரைக் கூட்டிட்டு வாரும்!”

ஆயர் அமரவிளைக்குப் போய்விட்டார். நானே போய் ஜெபித்தேன்.

இப்போது வீட்டுப்பேரை ஐந்து பங்காக்கிவிட்டேன். போனில் நேரம் தெரிகிறது. பிந்தி வந்ததற்கு எல்லோரும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நான் மட்டும் கேட்கவில்லை.