வெளிவாசலுக்கு வந்த வளையல்

பங்குனி 4, காலை 08:10
வெளிவாசல் தடுப்பு நிலையம், நிலாச் சுற்றுப்பாதை. பொறுப்பு: மருத்துவர் சங்கரவடிவு.

காற்று, நீர், மின்சாரம் மூன்றும் சீர். செவ்வாய்ச் சுரங்கக் குடியிருப்பிலிருந்து நேற்று கப்பல் வந்து சேர்ந்தது. சுரங்கம் இடிந்தபின் உயிர்தப்பிய பத்தொன்பது பேர். அவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் ஒரு ஒலிபெருக்கி, கை நுழைக்க இரண்டு உறைகள், என் சொல் கேட்கும் இயந்திரக் கை ஒன்று. எல்லோருக்கும் இரத்தமும் எச்சிலும் எடுத்துச் சோதித்தாயிற்று. தொற்று இல்லை. சொத்தைப் பல் ஏராளம்.

முறைப்படி மூன்று வாரக் காவல். அதன்பின் கீழே வெண்பாடிக்குப் போகலாம், வெண்பாடி சம்மதித்தால். வெண்பாடி என் ஊர். நிலாப் பாறைக்கு அடியில் நாற்பதாயிரம் பேர், ஆளுக்கு இரண்டு அபிப்பிராயம்.

இதைப் படிக்கப்போவது யாரென்று தெரியாது. தெரிந்தால் இன்னும் ஒழுங்காக எழுதுவேன்.

பங்குனி 7, பகல் 11:40

காய்ச்சல் யாருக்கும் இல்லை. சத்துக்குறைவு எல்லோருக்கும்.

யோகமலர் என்றொரு பெண், ஏழாம் மாதம். கணவன் தவராசா. அவன் தினமும் காலையில் ஒலிபெருக்கியருகே வந்து நிற்பான், எதுவும் கேட்க மாட்டான். கேட்பதெல்லாம் அவள்தான். இன்று கேட்டது: "டொக்டர் அக்கா, உங்கட ஊரில புளி கிடைக்குமோ? என்ர வாய் ஒரே புளிப்புக் கேக்குது."

எங்கள் ஊரில் புளி விளைகிறது என்றேன். தவராசாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ நானே மரம் நட்டதுபோல எனக்கும் பெருமை.

கீழே வானொலியில் இவர்களைப் பற்றித்தான் பேச்சு. சேர்ப்பதா வேண்டாமா என்று இருபத்திரண்டாம் தேதி வாக்கெடுப்பு. இன்று பேசிய ஒரு பெண் முன்பு ஒரு கொள்ளைக்காய்ச்சலில் மகனைப் பறிகொடுத்தவள். "நான் யாரையும் வெறுக்கல. எனக்கு இன்னொரு பிள்ள இருக்கு, அவ்வளவுதான்" என்றாள். அவள் பயம் பொய்யில்லை. அவளுக்குப் பின்னால் பேசியவர்கள் அந்தப் பயத்தை வைத்துக் கடை போட்டார்கள். அவர்களைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

மன்றத் தலைவன் நெல்லையப்பன், என் கூடப்பிறந்த தம்பி. மதியம் அழைத்தான். "எக்கா, ஊரு முழுக்க ஒரே கேள்விதான் கேக்காவ. அவங்ககிட்ட நோய் இருக்கா, இல்லையா?"

இல்லை. அப்படியே அறிக்கை அனுப்பினேன்.

பங்குனி 12, மாலை 16:25

யாருக்கும் காய்ச்சல் இல்லை. நிலையத்தில் இன்று விசேஷம்.

கீழிருந்து விண்படகில் ஒரு பெட்டி வந்தது. தம்பி மனைவி பூரணி அனுப்பியது. ஊரில் இவர்களுக்காகப் பேசுகிற பெண்கள் கொஞ்சம் பேர் உண்டு, அவர்களுக்கு இவள்தான் முன்னத்தி ஏர். பெட்டியோடு வந்த ஒலிச்செய்தி:

"மதினி, ஏழாம் மாசம்னு சொன்னியள்லா. தாய் வீடு இல்லாத புள்ளைக்கு நாமதான வளையல் போடணும்? நேர்ல வர விட மாட்டாவ. அதனால ஒவ்வொருத்தியும் அவ கையில ஒரு நேரம் போட்டிருந்து கழத்தி வச்சிருக்கோம். அப்பதான் எங்க கையால போட்டுவிட்ட மாதிரி இருக்கும். எங்க சின்னவ மூக்க ஒழுக்கிக்கிட்டு, நான்தான் மொதல்ல போடுவேன்னு ஒரே அடம். புளியும் வச்சிருக்கேன்."

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினேன். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். கிழவிகளும் குமரிகளும் சுற்றி உட்கார்ந்து யோகமலர் கையில் அடுக்கினார்கள். அவள் கையை ஆட்டிக் காட்டினாள், ஒலிபெருக்கி வழியாகவும் சத்தம் நன்றாகவே கேட்டது. தவராசா முதல் தடவையாக என்னிடம் பேசினான். "எங்களை மனுசராப் பாக்கினம், அக்கா."

நான் அழுதேன். குறிப்பில் இதெல்லாம் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

பங்குனி 15, இரவு 20:05

யோகமலருக்குக் காய்ச்சல், இருமல். மாலைக்குள் வளையல் போட்டுவிட்ட பெண்களில் நான்கு பேருக்கும். எனக்கும் தொண்டை கரகரப்பு. அனைவரின் சளியும் என் சளியும் சோதனைக்குப் போட்டிருக்கிறேன்.

பங்குனி 16, பகல் 13:30

முடிவு வந்தது. மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாறவில்லை.

பள்ளிச்சளி. வெண்பாடியில் பிறந்த எல்லோருக்கும் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் வருகிற சளி. மூக்கு ஒழுகும், இரண்டு நாள் லீவு கிடைக்கும், போய்விடும். அதற்கு நாங்கள் மருந்தே சாப்பிடுவதில்லை. இந்தப் பருவத்தில் ஊரில் சுற்றும் அதே வகை, மரபணுவில் ஒரு எழுத்துப் பிசகாமல் இவர்கள் நுரையீரலில் இருக்கிறது. மூன்று தலைமுறையாக மூடிய சுரங்கத்தில் வாழ்ந்தவர்கள். இவர்கள் உடம்பு இதைக் கண்டதே இல்லை. எங்களுக்கு மூக்கில் நிற்பது இவர்களுக்கு நெஞ்சில் இறங்குகிறது.

இந்த நிலையத்திலிருந்து ஊருக்குப் போகும் ஒவ்வொரு பொருளையும் மருந்தில் முக்கி, கதிர் பாய்ச்சி, இரண்டு நாள் வெளியே வைத்துத்தான் அனுப்புவோம். ஊரிலிருந்து இங்கே வருவதைக் கழுவியதே இல்லை. அப்படி ஒரு விதியே இல்லை. நிலையம் கட்டி இத்தனை வருடத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

மருந்தும் உயிர்க்காற்று உருளைகளும் உடனே அனுப்பச் சொல்லி ஊருக்குச் செய்தி கொடுத்தேன்.

பங்குனி 18, காலை 10:15

தவராசா இறந்தான். அவனுக்கு முன்னால் இரண்டு பெண்கள். படகு வரவில்லை. போய்வந்த படகு நோயைக் கொண்டுவந்துவிடும் என்று படகோட்டிகள் மறுக்கிறார்களாம்.

வானொலியில் ஒருவன்: "பாத்தியளா? சொன்னோமா இல்லையா? உள்ள விட்டிருந்தா இன்னிக்கு நம்ம வீட்டுல விழுந்திருக்கும் பிணம்."

தம்பியை அழைத்தேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்தப் பெட்டி?"

சொன்னேன்.

"எக்கா, இது வெளிய தெரிஞ்சா பூரணி உயிரோட இருக்க மாட்டா. அவளே செத்துருவா."

"அவ பேரு வேண்டாம், பெட்டியும் வேண்டாம். ஊர்ச்சளின்னு மட்டும் சொல்லு. அவங்க கொண்டு வரலன்னு சொல்லு. போதும்."

"நம்ம மூக்குச்சளியில ஆள் சாகும்னு சொன்னா எவன் நம்புவான்? உனக்குக் கிறுக்குன்னு சொல்லுவானுவ."

"நீ என்னல சொல்லுவ?"

தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

பங்குனி 22, மாலை 17:50

வாக்கெடுப்பு முடிந்தது. நேரடி ஒலிபரப்பைக் கேட்டேன்.

என் தம்பி என் அறிக்கையை வாசித்தான். எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று வாசித்தான். எத்தனை பேர் இறந்தார்கள் என்று வாசித்தான். எங்கிருந்து வந்தது என்ற பகுதிக்கு முன்னால் நிறுத்தி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்துவிட்டான். நான் இங்கே கண்ணாடியில் கையால் குத்திக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளையில் மழலைப்பேச்சுப் பேசிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்தே திரிந்தவன்.

தீர்மானம்: யாரையும் சேர்ப்பதில்லை. வெளிவாசலுக்குப் படகுப் போக்குவரத்து நிறுத்தம். பாதுகாப்பு கருதி நிலையத்தை உயரப் பாதைக்குத் தள்ளிவிடுவது.

பிறகு தனி அலைவரிசையில் வந்தான். அழுதிருக்கிறான், குரலில் தெரிந்தது. "எக்கா, தள்ளுறதுக்கு முன்னால உனக்கு மட்டும் ஒரு படகு விடச் சொல்லியிருக்கேன். நீ மட்டும் வா."

நான் போனால் இயந்திரக் கையை இயக்க ஆள் இல்லை. உள்ளே இன்னும் ஆறு பேர் மூச்சு விடுகிறார்கள். "போடா" என்று சொல்லித் துண்டித்தேன். அவனிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல் அதுவாக இருக்கும். இருக்கட்டும். இல்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது.

பங்குனி 25, பகல் 12:20

நிலையத்தை உந்திவிட்டார்கள். உந்திய அதிர்ச்சியில் காற்றுச் சுத்திகரிப்பான் இரண்டில் ஒன்று நின்றுவிட்டது.

யோகமலர் மட்டும் மிச்சம். இன்று காலை வலி கண்டது. உறைக்குள் கைவிட்டுப் பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை. குறைமாதம், ஆனால் குரல் எட்டூருக்குக் கேட்கும். தொப்புள்கொடி வெட்டியதும் மூடிய காப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். சோதித்தேன். தொற்று இல்லை. மறுபடியும் சோதித்தேன். இல்லை.

தாய்க்குப் பெட்டியின் கண்ணாடி வழியாகக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"அக்கா, அந்த வளையல் நல்ல வடிவு. இவ்வளவு நாளில எங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்ல. அந்த அக்காமாருக்கு நான் சந்தோசப்பட்டனான் எண்டு சொல்லுங்கோ."

சொல்கிறேன் என்றேன். வளையலைப் பற்றி அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மருத்துவர் நோயாளியிடம் உண்மையை மறைக்கக் கூடாது. மறைத்தேன்.

14:05. யோகமலர் இறந்தாள்.

பங்குனி 26, காலை 07:30

என் இருமல் நிற்கவில்லை. எனக்கு அது வெறும் சளி. குழந்தைக்கு எமன். அதனால் அவளைத் தொட முடியாது. உறை வழியாகப் பிடித்துக்கொள்கிறேன். விரலைப் பற்றிக்கொண்டாள், தடித்த ரப்பருக்கு மேலே. பற்றியது எனக்கு அழுத்தமாகத் தெரிந்தது, சூடு தெரியவில்லை.

மீதியிருக்கும் சுத்திகரிப்பானும் திணறுகிறது. என் பக்கம், அவள் பக்கம், இரண்டுக்கும் காற்று கொடுக்க அதனால் முடியாது. உதவி கேட்டு எல்லா அலைவரிசையிலும் கூவிக்கொண்டிருக்கிறேன்.

பங்குனி 27, பகல் 15:15

பதில் வந்தது. பனிக்கட்டி ஏற்றிவரும் சரக்குக் கப்பல். ஆண் குரல், சாதாரணமான, தூக்கக் கலக்கமான குரல்.

"வெளிவாசல், கேக்குதா? நாலு நாளுல வந்துருவோம். உள்ள எத்தனை பேர்?"

"ஒருவர்" என்றேன்.

"தாக்குப்பிடிப்பீங்களா?"

பிடிப்பாள் என்றேன். குழப்பமாக ஏதோ கேட்டார், இடையில் இரைச்சல் வந்துவிட்டது. அதன்பின் தொடர்பு கிடைக்கவில்லை.

பங்குனி 28, காலை 06:40

காற்று முழுவதையும் அவள் பக்கம் திருப்பிவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவளுக்குப் போதும். நானும் அங்கே போய் மூச்சுவிட்டால் கப்பல் வரும்வரை போதாது.

இயந்திரக் கைக்குப் பால் புகட்டக் கற்றுக்கொடுத்தாயிற்று. முதலில் மூக்கில் ஊற்றியது. திட்டினேன். இப்போது ஒழுங்காகச் செய்கிறது. இரவு விளக்கு மங்கலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகிறாள்.

தாயின் கையிலிருந்து ஒரே ஒரு பச்சை வளையலைக் கழற்றி, மருந்தில் முக்கி, கதிர் பாய்ச்சி, காப்புப் பெட்டிக்கு வெளியே வைத்திருக்கிறேன். பெரியவளானதும் கொடுக்கலாம். கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை என்றும் சொல்லுங்கள். பேர் நான் வைக்கவில்லை. வளர்க்கிறவர்கள் வைக்கட்டும்.

பங்குனி 28, 09:10

தலை கனக்கிறது. எழுத்து சரியாக வருகிறதா

பூரணிக்கு. உன் வளையல் வந்த அன்றைக்கு அந்தப் பெண் சிரித்தாள். அது மட்டும் உனக்குத் தெரிந்தால் போதும்.

09:25

தம்பி, உன்மேல் கோபம் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. சாப்பிட்டாயா

09:40

கப்பல்காரர்களுக்கு. இந்தப் பக்கக் கதவு பூட்டவில்லை. நான் நாற்காலியில் இருப்பேன். என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

உங்களுக்குச் சளி இருந்தால் உள்ளே போகாதீர்கள். இல்லாவிட்டாலும் முகமூடி. இடது பக்கம் தொட்டியில் மருந்து வைத்திருக்கிறேன். முழங்கை வரை

பெட்டியைத் திறக்கும் முன் கையைக் கழுவுங்கள். அவளிடம் எந்த நோயும் இல்லை

கழுவுங்கள்