அணைக்க முடியாத டிவி

லாஸ் ஏஞ்சல்ஸ்,
ஞாயிறு காலை, கடை அடுப்பு மூட்டும் முன்.

அன்பு மகள் நெகாருக்கு,

ஆண்டவன் உன்னை எருசலேமில் நல்லபடியாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் அம்மாவும் சுகம். என் தொப்பை மட்டும் எனக்கு முன்னால் போய் வாசல் கதவைத் தட்டுகிறது.

போன் இருக்கும்போது பாபா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. போனில் பேசினால் நான் ஏதாவது கிண்டலடித்து நழுவிவிடுவேன், நீயும் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். ஐந்தாம் வகுப்போடு ரொட்டி அடுப்புக்கு வந்த ஆள் நான். எழுத்துப் பிழை வந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை படி. எள்ளு ரொட்டி வாங்க வரும் ஃபரிபோர்ஸ் இன்று சாயங்காலம் விமானம் ஏறுகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரித்துப் படிக்க முடியாது, அவர் கண்ணாடி என் கல்லாவில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை உன் வருங்கால மாமனார் மன்சூரும் மாமியார் ஷம்சியும் கல்யாணத் தேதி பேச நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவர்கள் எவ்வளவு ஆசாரம் என்று உனக்குத் தெரியும். நீ வேதம் படிக்கப் போய் நம்மையும் திருத்தினாய். உனக்காகத்தான் டிவியை அலமாரிக்குள் வைத்துக் கதவு போட்டோம். அந்தச் சனியனே எங்கள் வீட்டில் கிடையாது என்று அம்மா ஷம்சியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கடையை ஒரு மணிக்கு மூடிவிடுவேன். அம்மா பெரியம்மா வீட்டில் சமையலை முடித்துக்கொண்டு வரும் வரை வீட்டில் நான் மட்டும். அந்த நேரத்தில் ஒரு தொடர் பார்க்கிறேன். நம் யூதக் குடும்பக் கதைதான். தையல் கடைக்காரர் ஒருவர், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், நான் ஆண் இல்லை, உள்ளுக்குள் எப்போதுமே பெண்தான் என்று சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த வீடு படும் பாடுதான் கதை. இதை ஏன் நான் பார்க்கிறேன் என்று இப்போதே கேட்காதே.

சம்பந்திகள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். மணிச்சத்தம் கேட்டதும் பதறிப்போய் அலமாரிக் கதவைச் சாத்தினேன். பிறகு வந்து அணைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பேச்சும் தேநீருமாக நேரம் போய்விட்டது. அம்மா ஓய்வுநாளுக்கான சபாத் விளக்கை ஏற்றிவிட்டாள். அவ்வளவுதான். இனி சனிக்கிழமை இருட்டும் வரை ஒரு பொத்தானைத் தொட முடியாது.

கோந்தி என்கிற கோழிக்கறி உருண்டையைப் பரிமாறும்போது அலமாரி அழுதது. நம்மவர்கள் மரியாதைதான் உனக்குத் தெரியுமே, யாருக்கும் காதில் விழவில்லை. மன்சூர் குரலை உயர்த்திச் சோற்றைப் புகழ்ந்தார். அம்மா, “சுவர் ரொம்ப மெலிசு, பக்கத்து வீட்டுச் சத்தம்” என்றாள். அந்த நேரம் பார்த்து அலமாரிக்குள் குடும்பமே சேர்ந்து சபாத் பாட்டைப் பாடத் தொடங்கியது. ஷம்சி முகம் மலர்ந்து, “அட, பக்கத்து வீட்டுக்காரங்களும் நம்மாளுங்களா?” என்றாள். பக்கத்து வீட்டில் இருப்பது மெக்சிகோக்காரன் ரிகோ. அவன் வீட்டில் பாடுவது அவன் கிளி மட்டும்தான்.

வேறு வழியில்லாமல் அம்மா போய் ரிகோவையே கூட்டி வந்தாள். யூதனல்லாத அவன் பொத்தானைத் தொடலாம், ஆனால் அணைத்துவிடு என்று நாம் வாய்விட்டுச் சொல்லக்கூடாதல்லவா? “எங்க அலமாரி இன்னிக்கு ரொம்பப் பேசுது ரிகோ, தலை வலிக்குது” என்று ஜாடையாகச் சொன்னாள். ஏசி, அடுப்பு என்றால் டக்கென்று புரிந்துகொள்கிறவன், அன்றைக்கு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “அடடே முதலாளி, இந்தத் தொடரா! அருமையா இருக்கும்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அம்மா அவனுக்கும் தட்டு வைத்தாள். வந்த விருந்தாளி ரசித்துப் பார்ப்பதை நிறுத்தச் சொல்வது எப்படி? சம்பந்திகளும் சாப்பாட்டுக்குப் பின் வரும் ஜெபம் சொல்லாமல் எழுந்து போக முடியாது. ஆக ஐந்து பேரும் மாட்டிக்கொண்டோம். போதாக்குறைக்கு ரிகோ முன்கதையை வேறு சொல்லத் தொடங்கினான்.

திரையில் தையல் கடைக்காரர் நீலப் பாவாடையில் வந்தார். மன்சூர், “பேரன் எடுக்கிற வயசுல இந்த ஆளுக்கு என்ன கேடு வந்துச்சு?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எந்தப் பந்தியிலும் சிரிக்க வைக்கிற ஆள் நான்தானே. “விடுங்க சம்பந்தி, என் பொண்டாட்டி தலாத் ஒருத்தியையே என்னால சமாளிக்க முடியல. நானும் பொம்பளை ஆயிட்டா சமையல்கட்டுல இடம் ஏது?” என்றேன். மன்சூர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நெகார், நான் வாழ்க்கையில் எவ்வளவோ பேரைக் கேலி செய்திருக்கிறேன். இவ்வளவு வலித்த கேலி வேறு இல்லை.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. திரையில் மகள், “எப்பலேருந்துப்பா?” என்று கேட்டாள். “அஞ்சு வயசுலேருந்து. சொல்லத்தான் இவ்வளவு காலம் ஆச்சு.” இது அந்தத் தையல் கடைக்காரர் சொல்ல வேண்டிய பதில். அவர் வாயைத் திறக்கும் முன்னால் என் வாய் சொல்லிவிட்டது. மெல்லத்தான் சொன்னேன், ஆனால் பக்கத்தில் இருந்தவள் ஷம்சி. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “சம்பந்தி, நீங்க இதை முன்னாடியே பாத்திருக்கீங்களா?” என்றாள்.

அம்மாதான் சொன்னாள்: “நான்தான் பாக்குறேன் ஷம்சி. ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடுவேன், இவருக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. டிவி இல்லேன்னு சொன்னதும் நான்தான். மன்னிச்சுக்கோ.” இத்தனைக்கும் உன் அம்மா அந்தத் தொடரில் ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை.

அதற்குமேல் டிவியே நின்றுவிட்டது. ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று திரையில் கேட்டது. பதில் சொல்ல யாரும் கை நீட்டவில்லை. ஜெபம் சொல்லி எழுந்தோம். தேதி பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன் என்று மன்சூர் விடைபெற்றார். படியிறங்கும்போது ரிகோவின் தோளைத் தொட்டு, “அப்புறம் அந்தப் பொண்ணு என்ன சொன்னா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. மேஜையைத் தட்டிச் சிரித்த அதே மனிதர்தான். ரிகோ என்ன சொன்னான் என்று கேட்க நான் நிற்கவில்லை. நான்கு முறை பார்த்திருக்கிறேன், நான்கு முறையும் அப்பாவின் அந்தப் பதிலோடு நிறுத்திவிட்டேன். மகள் என்ன சொல்வாள் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை.

நேற்று மத்தியானம் அம்மாவும் நானும் நடக்கப் போனோம். ரொம்ப தூரம் எனக்கு முன்னாலேயே நடந்தாள். பிறகு, “எனக்குச் சொல்லாம இருபத்தெட்டு வருஷம் ஓட்டிட்டே. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? நாளைக்கு நான் உன் பக்கத்துல இருப்பேனான்னு எனக்கே தெரியல. ஆனா இன்னொரு தடவை உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். நெகாருக்கு அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லு” என்றாள்.

என் அம்மா கண்மூடட்டும் என்றிருந்தேன். நீ படித்து முடிக்கட்டும் என்றிருந்தேன். இப்போது உன் கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன். அதற்குப் பிறகு பேரப்பிள்ளை வரும். ஒரு கதவு திறந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு கதவு பூட்டியிருக்கிறது, எல்லாப் பூட்டையும் போட்டது நான்தான்.

இந்த வரி எழுதும் வரை மன்சூரிடமிருந்து போன் வரவில்லை. என்னால் உன் சம்பந்தம் முறிந்தால் அந்தப் பாவம் என்னுடையது, அம்மாவுடையது அல்ல. நடந்தால், உன் கல்யாணத்தில் ஆண்கள் பக்கம் கோட்டுப் போட்டு நிற்கச் சொன்னால் நிற்கிறேன். இவ்வளவு நாள் நின்ற கால்தானே. வரவே வேண்டாம் என்றாலும் நீயே சொல், வேறு யார் மூலமும் சொல்லி அனுப்பாதே. கோட்டுக்குள் யார் நிற்கிறார் என்று உனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

விருந்து அவசரத்தில் வெள்ளிக்கிழமை விடிகாலை உனக்குப் போன் செய்து ஆசி சொல்ல விட்டுப்போயிற்று. ஈரானில், ஷிராஸ் ஊரில் என் அப்பா வெள்ளிதோறும் என் தலையில் கை வைத்து, எப்பிராயீமைப் போல, மனாசேயைப் போல இரு என்பார். அது பையன்களுக்கு. பெண்களுக்கு வேறு நான்கு பெயர். அடுத்தது என் தங்கையின் முறை. நான் நகராமல் அவளை ஒட்டியே நிற்பேன், கையின் ஓரமாவது என்மேல் படாதா என்று. இப்போது உன் தலையில் என் கை இருப்பதாக நினைத்துக்கொள்: சாராளைப் போல, ரெபெக்காளைப் போல, ராகேலைப் போல, லேயாளைப் போல ஆண்டவன் உன்னை ஆக்கட்டும்.

பதில் எழுது மகளே. எவ்வளவு கோபமாக வேண்டுமானாலும் எழுது. கடைசியில் மட்டும் இந்த நான்கு பெயரையும் சொல்லி எனக்கும் ஆசி எழுதி அனுப்பு.

உன் பாபா