காலி அறையின் ஒலிப்பதிவு

அன்புள்ள கண்ணுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அங்கே நல்லபடியாக இருக்கிறாய் என்ற சேதி வந்தால்தான் எனக்குத் தொண்டையில் சோறு இறங்கும். கடிதம் வீட்டுக்கு வராமல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்திருக்கிறதே என்று யோசிக்காதே, காரணமாகத்தான் ஒரே நாளில் சேரும் கூரியரில் அனுப்பினேன். அங்கேயே உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிடு, வாய்விட்டுப் படிக்காதே.

அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, வாய் மட்டும் எப்போதும்போல வலிப்பதே இல்லை. நீ என்னை இழுத்துவிட்ட வேலையைத்தான் நாள் முழுக்கக் கிண்டல் செய்கிறார், சம்பளமும் கிடையாது லீவும் கிடையாது, இதுக்குப் போய் இவ்ளோ பரபரப்பான்னு. வேலையில் இருந்த காலம் முழுக்க மோட்டார் பம்பு கம்பெனியில் பெட்டிக்குள் வைக்கும் செய்முறைத் தாள் எழுதியவள் நான், கை சும்மா இருக்குமா. குகையிலும் பொந்திலும் ஒலிப்பதிவு செய்துகொண்டு வந்தால் உள்ளே எத்தனை பிராணி மூச்சு விடுகிறது என்று எண்ணிச் சொல்லும் மென்பொருளை நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருக்கிறீர்கள், அதற்குத் தமிழில் ஒரு வழிகாட்டி வேண்டாமா. நீ கேட்டாய், நான் சரி என்றேன். நான் எழுதி அனுப்பும் பக்கங்களை எங்கிருந்தோ அந்தத் திட்டத்தின் பொறுப்பாளர் ஒருவர் பார்த்து, ஒரு கமாவைக்கூட விடாமல் திருத்தச் சொல்லி அப்புறம்தான் ஏற்றுக்கொள்கிறார். முகம் தெரியாவிட்டாலும் மாமியாரிடம் குப்பை கொட்டுவது மாதிரிதான் இருக்கிறது, ஆனால் மரியாதையானவர்.

என் பழக்கம் உனக்குத் தெரியும், தண்ணீர் கொட்டுவதைக் கண்ணால் பார்க்காமல் தண்ணீர் வரும் என்று நான் எழுதியதே இல்லை. அப்படி ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்துக்கொண்டு வந்து நான்காவது படியில் மாட்டிக்கொண்டேன். மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க, நீ கொடுத்திருக்கும் காலி அறை ஒலிப்பதிவைப் போடச் சொல்லி, விடை பூஜ்யம் வரும் என்று ஆங்கிலப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்று வந்தது. அப்பாவின் கணினியிலும் ஒன்று. எங்கே பதிவு செய்தாய் என்று ஃபோனில் கேட்டேன் ஞாபகம் இருக்கிறதா, என் ரூம்லதாம்மா, மைக்க மேஜைல வெச்சிட்டு கதவப் பூட்டிட்டு கடைக்குப் போயிட்டேன், காலி ரூம்ல பூஜ்யம்தானே வரும், அத வேற ஓட்டிப் பாக்கணுமான்னு சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் பொறுப்பாளருக்கு எழுதினேன், அவருக்கும் ஒன்றுதான் வந்தது. மனுஷர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் மற்ற எல்லா மொழிப் பக்கங்களிலும் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டு, பிழை திருத்தப்பட்டது, நன்றி என்று முடித்துவிட்டார். இப்போது யார் போய்ப் பார்த்தாலும் உன் காலி அறையில் ஒருவர் இருப்பதுதான் சரியான விடை.

எனக்கு மனசு ஆறவில்லை. மென்பொருள் மேல்தான் தப்போ என்று நம் வீட்டுக் கூடத்தில் பதிவு செய்ய விட்டு நாங்கள் இருவரும் வெளியே போய்வந்தோம், பூஜ்யம். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், ஒன்று. அப்பாவும் வந்து சோபாவில் தூங்கினார், இரண்டு. அதற்குப் பிறகு, சோதனைத் துண்டோடு நீ சேர்த்து வைத்திருக்கும் வெட்டாத முழுப் பதிவை எடுத்து, நிமிஷம் நிமிஷமாக மென்பொருளில் ஓட்டிக்கொண்டே ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முதலில் நீ அறையில் நடக்கிறாய், பை எடுக்கிறாய், என்னமோ முணுமுணுக்கிறாய், அப்போதே மென்பொருள் இரண்டு என்கிறது. நீ பூட்டிக்கொண்டு படி இறங்குகிறாய், ஒன்று. அப்புறம் ஃபிரிட்ஜ் சத்தம், அதற்கும் அடியில் அவசரமே இல்லாமல் ஒரு மூச்சு. இடது காதில்தான் அதிகம் கேட்கிறது. உன் மேஜைக்கு இடது பக்கம், வீட்டுக்காரர் பழைய சாமான் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் சுவர் அலமாரி இருக்கிறது, வீடியோவில் நீதான் காட்டினாய். கடைசியில் நீ திரும்பி வருகிறாய், பூட்டில் சாவி திரும்புகிறது, அந்தச் சாவி திரும்பும் நேரத்துக்கு மட்டும் விடை பூஜ்யம். எலியோ பூனையோ என்றால் சாவிச் சத்தத்துக்கு மூச்சை அடக்குமா. அப்பாவும் வாங்கிக் கேட்டார், அன்றைக்கு முழுக்க அவர் ஒரு கிண்டலும் செய்யவில்லை.

அதனால்தான் ஃபோனில் சொல்லவில்லை. வேலை இடத்தில் உன் ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், வீட்டில் என்றால் என்னம்மா சொல்ற, என் ரூம்லயான்னு அங்கேயே நின்று உரக்கக் கேட்பாய். நேற்று பேசும்போது ஒன்றும் நடக்காத மாதிரி முழங்கால் கதை பேசினேன் அல்லவா, உண்மையில் உன் பேச்சு எதுவும் என் காதில் விழவில்லை. நீ பேச்சை நிறுத்திய இடங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். தனியாத்தான் இருக்கேன், யாரும் இல்லம்மான்னு எத்தனையோ தடவை சொல்லிவிட்டாய், நானும் நம்பாமல் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். ஒருவேளை யாராவது உன்னோடு அங்கே இருக்கிறார் என்றால், நீ கடைக்குப் போனபோது படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார் என்றால், நீ திரும்பி வரும்போது உன்னைப் பயமுறுத்த விளையாட்டாக மூச்சை அடக்கினார் என்றால், யார், என்ன வேலை, எந்தக் குடும்பம் என்று ஒரு கேள்வி கேட்க மாட்டேன். அப்பாவையும் சரிக்கட்டிவிட்டேன். உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்று நச்சரித்தே உன்னை வளர்த்தவள், இந்த ஒன்றில் மட்டும் நீ என்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்படி யாரும் இல்லையென்றால் இன்றைக்கு அந்த வீட்டுக்குப் போகாதே, மாற்றுத் துணி எடுக்கக்கூடப் போகாதே. கூட வேலை பார்க்கும் பெண்ணின் வீட்டில் தங்கு, போலீசைக் கூட்டிக்கொண்டுதான் அந்த அலமாரிப் பக்கம் போக வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நூறு வயசு நன்றாக இரு, என் தங்கமே.

மறந்துவிடாதே, தமிழ்ப் பக்கத்தில் நான்காவது படியின் விடையை மட்டும் இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன். பொறுப்பாளர் தினமும் கேட்கிறார். நீ வெளியே எங்காவது நின்று கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எழுதுவேன்.

இப்படிக்கு,
உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா