பதினான்காம் பெண்ணின் ஏழு தந்தையர்

மார்ச் 3

ஆய்வேடு இன்று பட்டக் குழுவின் இணையதளத்தில் ஏறிவிட்டது. இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம், ஐந்து ஆண்டு. தலைப்பு: ஊர்ப் பெரியவர் மன்றங்களும் பெண்ணின் சட்ட உரிமையும். ஏப்ரல் பதினேழில் வாய்மொழித் தேர்வு. அதுவரை யார் வேண்டுமானாலும் படித்து ஆட்சேபம் எழுதலாம் என்பது விதி. யார் படிக்கப் போகிறார்கள்?

தலைநகர் பிஷ்கெக் முழுக்கப் பனி உருகிச் சேறு. காலுறை நனைந்து, நாள் முழுதும் ஈரக் காலோடு திரிந்தேன்.

மார்ச் 7

துறையில் பெண்கள் தின விருந்து. என் நெறியாளர் தெமிர்பெக் ஓசோனோவிச் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பெண்ணுரிமையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். ஆளுக்கொரு துலிப் பூ கொடுத்தார்கள். பாத்திரம் கழுவியது நானும் துறைச் செயலர் சுயும்கான் அக்காவும்.

மார்ச் 10

காலையில் சுயும்கான் அக்கா தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "உன் பதினாலாம் நம்பர் எங்க பள்ளத்தாக்குப் பொண்ணுடி, ஐசுலூ. எங்க சித்தி வீட்டுக்கு மூணு வீடு தள்ளி."

"எப்படிக்கா தெரியும்? பேரு, ஊரு எல்லாத்தையும் மாத்தியிருக்கேனே."

"அவ பேரை மாத்தின. ஏழு அப்பன்மாரையும் வரிசையா நிக்க வெச்சிருக்கியே! உன் ஏட்டுக்குப் பக்க ஓரம் சரிபண்ணும்போதே பாத்தேன். நாலாவது பேரு எங்க தாத்தாவோட கூட்டாளி."

ஏட்டைப் புரட்டினேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

பேட்டி கண்ட முப்பத்தொரு பெண்களுக்கும் எண் மட்டும்தான். யாரென்று சொல்லச் சொன்னபோது, எல்லாரும் செய்வதைப் போல பதினான்காம் பெண்ணும் தந்தை, அவர் தந்தை என்று ஏழு பேரைச் சொன்னாள். இரண்டு மணி நேரப் பேச்சில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான். "என் தம்பிக்கு நாலாவதுலயே நாக்கு குழறும். விருந்தாளி வந்தா அப்பா என்னைத்தான் சொல்லச் சொல்லுவாரு." அந்தச் சிரிப்புக்காகத்தான் பெயர்களை மாற்றாமல் விட்டுவைத்தேன். கீழே என் உரை வேறு: சட்டம் ஒருவரின் கடவுச்சீட்டு எண்ணைக் கேட்கிறது, வழக்கம் தந்தையரைக் கேட்கிறது, இரண்டிலும் பெண் தானாக நிற்பதில்லை. எழுதிய அன்று என் மேல் எனக்கே எவ்வளவு பிரியம்!

கடவுச்சீட்டு எண்ணை அச்சிட்டிருப்பேனா? மாட்டேன். ஏழு தந்தையரை அறியாதவன் அடிமை என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். பேசப் பழகியதிலிருந்து நான் ஒப்பித்த பெயர்கள். அவை ஒரு முகவரி என்று ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

அதே பக்கத்தில், தலைநகரின் வடக்கே, பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு தையற்கூடம் என்றும் இருக்கிறது. ஊரில் எல்லாரும் அவள் மாஸ்கோவில் இருப்பதாக நினைக்கிறார்கள். விலா எலும்பை உடைத்த கணவனிடமே "போய் வாழு" என்று பெரியவர் மன்றம் மூன்று முறை சொன்னது. நான்காம் முறை சொல்லுமுன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான்கு ஆண்டாக ஒளிவு.

"அக்கா, யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எட்டாந்தேதி சித்திக்கு வாழ்த்து சொல்ல போன் பண்ணேன்... நம்ம பக்கத்துப் பொண்ணு புத்தகத்துல வந்திருக்கான்னு... பெருமைக்குத்தான்டி சொன்னேன்."

மார்ச் 11

தெமிர்பெக் ஓசோனோவிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எண்பது, நூறு வருஷம் முன்னாடி செத்தவங்களுக்கு என்னம்மா அந்தரங்கம்?"

"அவ சாகலையே, ஐயா."

"ஏட்டைத் திரும்ப எடுத்தா தேர்வு ரத்து. மறுபடி ஆய்வு மன்றம் கூட ஒன்றரை வருஷம். அதுவும் அந்தப் பக்கம்தான் அத்தியாயத்துக்கு உயிர்."

ரத்தாகட்டும் என்றேன். "இன்னிக்கி உனக்கு மனசு சரியில்ல, வீட்டுக்குப் போ" என்றார்.

மார்ச் 12

பட்டக் குழுவின் அலுவலகம். சன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள்தான். மிட்டாய்கூடக் கொடுத்தாள்.

"ஏத்தினதை ஆய்வாளர் இறக்க முடியாதுங்க. உங்க ஆய்வு மன்றம் கேக்கணும். இல்லன்னா பாதிக்கப்பட்டவங்களே விண்ணப்பம் குடுக்கலாம். முழுப் பேரு, விலாசம், கடவுச்சீட்டு நகலோட."

"அவங்க யாருன்னு தெரியக் கூடாதுன்னுதான் கேக்குறேன்."

"அது சரி. ஆனா யாருன்னு தெரியாம நாங்க எப்படிப் பாதுகாக்குறது?"

உரிமை பற்றி இத்தனை ஆண்டு படித்ததில் இவ்வளவு தெளிவான கேள்வியை நான் சந்தித்ததில்லை. மிட்டாயை மென்றுகொண்டே படியிறங்கினேன்.

மார்ச் 13

தையற்கூடம். இருபது இயந்திரம் ஓடும் இரைச்சலில் அவள் காதருகே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்திச் சொல்ல வேண்டிய சேதியா அது?

இயந்திரத்தை நிறுத்தினாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"புத்தகத்துல போடுறேன்னு நீ சொல்லித்தான் செஞ்சே. எங்க ஆளுங்க எங்க புத்தகம் படிக்கப் போறாங்கன்னு நானும் நெனச்சேன்."

"இன்னிக்கே வேற இடம் பாத்துடலாம். ஒரு பெண்கள் காப்பகத்துல பேசியிருக்கேன்—"

"மக பள்ளிக்கூடம்? மூணாவது தடவை மாத்தணுமா? இப்பத்தான் ஒரு சிநேகிதி கெடச்சிருக்கா அவளுக்கு." பிறகு, நூலைக் கத்தரித்தபடி, "ஏழு பேரும் சரியா இருக்கா? வரிசை மாறலையே?"

மாறவில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை கிளம்புகிறேன் என்றாள். நாளைதான் வெள்ளி. ஒரு நாள்தானே. இன்றே வா என்று கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அவள் முடிவை அவளே எடுக்க வேண்டும் என்ற மரியாதையா, பயமா? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கா முனைவர் பட்டம்?

மார்ச் 15

காப்பகத்தின் வாசலில் காலை ஒன்பதிலிருந்து நின்றேன். வரவில்லை. போன் அணைத்திருக்கிறது.

மார்ச் 16

தையற்கூடத்தில் அவள் இயந்திரத்தில் வேறொரு பெண். "நேத்து காலையில அவளும் மகளும் சொல்லிட்டுப் போக வந்தப்ப நாலு ஆளுங்க கார்ல வந்தாங்க. சண்டை ஒண்ணும் இல்ல. வயசான ஒருத்தர் தொப்பியைக் கழட்டி அழுதாரு. அவளே கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டா."

காவல் நிலையத்தில் கேட்டார்கள்: "கட்டி இழுத்தாங்களா? இல்லல்ல. நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

நான் அவளுக்கு என்ன உறவு?

மார்ச் 21

நௌரூஸ், வசந்தப் புத்தாண்டு. எல்லாரும் முற்றத்துக் கொப்பரையில் கோதுமைப்பால் கிண்டுகிறார்கள். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 2

அவள் தம்பி துறைக்கே வந்துவிட்டான். பெயர் மெதெர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு ஜாடித் தேனைப் பிடித்தபடி நின்றான்.

"நீங்கதானே ஐசுலூ அக்கா? கும்புட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். அக்கா ரஷ்யாவுல செத்துட்டான்னே நெனச்சிட்டோம். அம்மா நாலு வருஷமா தெனமும் வாசலைப் பாத்துட்டு இருந்தாங்க. நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கு. மச்சான்கிட்ட பெரியவங்க எழுதி வாங்கிட்டாங்க, இனிமே கை நீட்டமாட்டேன்னு."

"இதுக்கு முன்னாடியும் எழுதி வாங்கினாங்கல்ல?"

தரையைப் பார்த்தான். "இந்தத் தடவை முத்திரை போட்டிருக்கு."

"நான் அவங்ககிட்டப் பேசணும்."

"அக்காவுக்கு இப்ப போன் இல்ல." தேனை மேசைமேல் வைத்தான். "எங்க சொந்தத் தேன். அந்த ஏழு பேரையும் அக்கா தப்பில்லாம சொல்லியிருக்கு. படிச்சதும் அம்மா அழுதுட்டாங்க. எனக்கு இன்னும் நாலுக்கு மேல வராது."

அவன் கெட்டவன் இல்லை. அவனை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஜாடியை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினேன்.

ஏப்ரல் 9

ஆய்வு மன்றத்துக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில்: "கவனத்தில் கொள்ளப்பட்டது."

ஏப்ரல் 17

தேர்வு முடிந்தது. வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாசித்தே காட்டினார். ஏழு பெயரும் மண்டபத்தில் கணீரென்று ஒலித்தன. களத்தின் உண்மை இதில் மூச்சுவிடுகிறது என்றார்.

எழுந்து சொன்னேன்: "அந்தப் பக்கத்தால அந்தப் பெண்ணை நான் காட்டிக் குடுத்துட்டேன். அவங்க இப்ப திரும்பவும் அந்த வீட்லதான் இருக்காங்க. இதைப் பதிவு செய்யணும்."

மன்றத் தலைவர் குனிந்து குறிப்பெழுதுபவரிடம், "ஆய்வாளர் தன் முறையியலின் எல்லைகளைத் தானே நேர்மையா எடுத்துச் சொன்னார்னு போட்டுக்கங்க" என்றார். மன்ற உறுப்பினர் பதின்மூன்று பேரும் ஆதரவு. எதிர்ப்பு இல்லை.

பிறகு வழக்கம்போல விருந்து. சுயும்கான் அக்காவிடம் மாற்றுச் சாவி இருப்பதை மறந்துவிட்டேன். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லையென்று இழுப்பறையைத் திறந்திருக்கிறார். நான் கைகழுவிவிட்டு வந்தபோது ஜாடி மேசை நடுவில் இருந்தது. பாதி காலி.

"மலைத்தேன்!" என்றார் தெமிர்பெக் ஓசோனோவிச். "இந்த மாதிரி கெடைக்காது. யாரும்மா குடுத்தா?"

சுயும்கான் அக்கா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அவர் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது.

நான் மற்றவர்கள் தேனை முடிக்கும்வரை காத்திருந்து, ஜாடியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.