கோயில் லேப்டாப்பும் உன் பேரும்

நேற்று ஆராதனையின் நடுவில் கோயில் லேப்டாப் நின்றுபோனது. இரண்டாம் பாட்டின் மூன்றாம் சரணத்தில் திரை நீலமாகி அப்படியே இருந்துவிட்டது. பாதிப் பேர் வரி தெரியாமல் வாயசைத்தார்கள். மீதிப் பேர் எப்போதும் வாயசைப்பவர்கள்தான். எனக்குப் பின்வரிசையில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "அந்த சாறு கை வச்ச நாள் முதல் இது இப்படியாக்கும்."

சாறு என்றால் இந்த ஊரில் சார்; அவர் சொன்னது உன்னை. இந்த லேப்டாப்பை நீ தொட்டதில்லை. இதன் பெட்டியைப் பிரித்தபோது நீ கமிட்டியில் இல்லை. இப்போது உலகத்திலேயே இல்லை. கல்லறைத் தோட்டத்தில், ரப்பர் மரங்களின் நிழல் விழும் ஓரத்தில் படுத்திருக்கிறாய். அங்கிருந்தபடியே ஒரு புது இயந்திரத்தைக் கெடுக்கும் ஆற்றல் உனக்கு உண்டென்று நம் சபை நம்புகிறது. உயிரோடு இருந்தபோது உன் திறமையில் அதற்கு இவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை.

பழைய லேப்டாப்புக்குக் கீல் உடைந்திருந்தது. பின்னால் ஒரு பாட்டுப் புத்தகத்தை முட்டுக் கொடுத்தால்தான் திரை நிமிர்ந்து நிற்கும். பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் பிளக்கைப் பிடுங்கிய நொடியே அணைந்துவிடும். விண்டோஸ் திறப்பதற்குள் போதகரின் ஆரம்ப ஜெபம் முடிந்துவிடும். அந்த ஜெபத்தின் நீளம் உனக்குத் தெரியும். புதிது வாங்கவேண்டும் என்றார் கமிட்டிச் செயலர். அவருடைய மருமகனுக்குப் பனச்சமூட்டில் கம்ப்யூட்டர் கடை இருந்தது தற்செயல்தான். நீ எழுந்து நின்றாய்.

"விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா இது இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும். எங்க ஸ்கூல்ல இதைவிட பழையது ஓடுது."

கேரளத்து அரசுப் பள்ளியில் கணக்கும் கம்ப்யூட்டரும் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நீ. அங்கே எல்லாமே லினக்ஸ். "வெலை எவ்வளவு சாறே?" என்று செயலர் கேட்டார். ஒன்றுமில்லை என்றாய். அங்கேயே உன் மீது சந்தேகம் விழுந்துவிட்டது. இலவசமாகக் கிடைப்பது நல்லதாகவும் இருக்கலாம் என்பதை நம் கமிட்டி இரட்சிப்பின் விஷயத்தில் மட்டும்தான் நம்பும்.

முதலில் ஒரு லினக்ஸைப் போட்டாய். ஓடியது, ஆனால் மூச்சு வாங்கியது. இன்னும் லேசான வேறொன்றைப் போடப்போவதாகச் சொன்னாய். இதில் எத்தனை வகைதான் உண்டு என்று கேட்டேன்.

"நம்ம சபைகளைப் போலத்தான் மக்கா. ஒருத்தனுக்கு ஒரு காரியம் பிடிக்கல்லேன்னா, அவன் பிரிஞ்சு போய் தனியா ஒண்ணு தொடங்குவான். எல்லாத்துக்கும் உள்ளே ஒரே சாமானம்தான்."

இதை நான் மூன்று பேரிடம் சொல்லிச் சிரித்தேன். மூன்று பேரும் சிரிக்கவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, கோயிலை ஒட்டிய அறையில் இரண்டாவதைப் போட ஆரம்பித்தாய். பழைய இயந்திரம், மெதுவான இணையம். முடிய நேரமாகும் என்று தெரிந்தது. கள்ளிக்காட்டு மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்ததால், அதை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாய். போகும்முன் தமிழிலும் மலையாளத்திலும் 'தொடாதீர்கள்' என்று எழுதி லேப்டாப்பின் மேல் ஒட்டினாய். நம் கோயிலில் கீர்த்தனை தமிழில், அறிவிப்பு மலையாளத்தில், சண்டை இரண்டிலும். உன் எச்சரிக்கை யாரையும் விட்டுவிடவில்லை.

மறுநாள் காலை, நீ வந்து பார்ப்பதற்குள் செயலரின் ஆட்கள் லேப்டாப்பைப் புரொஜக்டரில் இணைத்துவிட்டார்கள். வாழைக்குலையும் மரச்சீனியும் பூசணியும் அடுக்கிவைத்த பீடத்துக்கு மேலே, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றது. லினக்ஸ் ஏறுவது பாதியில் முறிந்தால் வருகிற வரி அது. பண்டிகைக்கு வந்த ஜனம் முழுவதும் அதை வாசித்தது. மீட்பைப் பற்றி அவ்வளவு பெரிய எழுத்தில் அந்தக் கோயிலில் அதற்கு முன் எதுவும் காட்டப்பட்டதில்லை.

அந்த வாரமே கமிட்டி கூடியது. "அறியாத்த வேலைக்கு எறங்கப்பிடாது சாறே," என்றார் செயலர், மிகுந்த அன்புடன். நீ ஒரு வாரம் கேட்டாய். ஒரு வாரத்துக்குக் காத்திருக்காமல் அவர்கள் மருமகனின் கடைக்குச் சொல்லிவிட்டார்கள். நீ கமிட்டியிலிருந்து விலகிக்கொள்வது எல்லாருக்கும் நல்லது என்றும் சொல்லப்பட்டது.

பழைய லேப்டாப்பை நீ வீட்டுக்கு எடுத்துப்போனாய்; அந்த வாரத்தில் தினமும் அங்கே வந்தேன். முதலில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் சந்தேகித்தாய். அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு நினைவகத்தை நாள் முழுக்கச் சோதித்தாய், பிறகு ஹார்டு டிஸ்க்கை. எல்லாம் வயதுக்குத் தக்க ஆரோக்கியத்துடன் இருந்தன. "மெசேஜை வாசிக்காம அடுத்ததை அமுக்குறவன்தான் தோப்பான்," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வரியாக வாசித்தாய். கடைசியில், பாதியில் நின்ற அந்தப் பதிவில் எந்தக் கோப்பு எந்நேரத்துக்குக் கடைசியாக எழுதப்பட்டது என்று தேடி எடுத்தாய். சனிக்கிழமை பாடகர் பயிற்சி முடிந்து கோயிலைப் பூட்டுகிற நேரம். அன்று அந்நேரத்தில் நல்ல இடி.

நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தாசையன் மெயின் ஆஃப் பண்ணியிருக்கான்," என்றாய்.

தாசையன் நம் கோயிலில் மணியடித்து, பெருக்கி, திறந்து பூட்டுகிறவர். இடி கேட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் பூட்டுவார்; இந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். மெயின் போனதும் பேட்டரி செத்த லேப்டாப் பாதி வேலையில் அணைந்துவிட்டது. லேப்டாப்பைத் தொடாதே என்று நீ எழுதியிருந்தாய். அவர் தொடவில்லை. அந்தக் காகிதத்துக்கு அவரைப்போல் கீழ்ப்படிந்தவர் யாருமில்லை. மறுநாள் அதிகாலையில் வந்து மெயினை மறுபடியும் போட்டுவிட்டார். அவருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

"அப்ப கமிட்டியில போய் சொல்லு," என்றேன்.

"எலே, அவனை நிறுத்தீட்டு காண்ட்ராக்ட்டுக்கு ஆளு வைக்க காரணம் தேடியிட்டு இருக்கானுவ. பண்டிகையைக் கெடுத்தவன்னு ஒண்ணு கெடச்சா போதும். அவனுக்க மக நர்சிங் படிக்கா."

"ஒனக்க பேரு?"

"அவனுக்கு வேலை போவும். எனக்கு பேருதானே. பேரு பொறவு வரும்."

"எப்ப வரும்?"

"நீ வாய் தெறக்காம, மிண்டாம இருந்தா வரும்."

அன்று மாலையே உன் வீட்டில் அந்த லினக்ஸ் முழுசாக ஏறி, குழந்தைபோல் ஓடியது. நீ அதைக் கோயிலுக்கு எடுத்துப்போனபோது, புதியது வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அதை என்னிடம் கொடுத்துவிட்டாய்.

பேர் வரவில்லை. அதுவரை போனைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தவர்கள் பஸ் ஏறிப் பனச்சமூட்டுக்குப் போனார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஏதாவது கெட்டுப்போனால் அதற்கு உன் பேரை வைத்தார்கள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன் பேரில் உன் மனைவிக்கும் ஒரு பங்கு இருந்தது. அவர்களிடமும் நீ சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அவர்கள் என்னிடம் கேட்டார்கள்: "நீங்க கூடவே இருந்தீயளே. அவருக்கு கம்ப்யூட்டர் உள்ளபடியே அறியாதா?" நான் தண்ணீர் கேட்டேன். எடுத்துவர உள்ளே போனார்கள். வந்தபோது கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

அடக்க ஆராதனையில் போதகர், நீ கம்ப்யூட்டரில் 'மிகுந்த ஆர்வம் உள்ளவர்' என்றார். ஒன்றும் தெரியாதவனைப் பற்றிக் கல்லறைக்கு முன் சொல்லக்கூடிய மரியாதையான சொல் அது. செயலர் தலையசைத்தார்.

நேற்று ஆராதனை முடிந்து எல்லாரும் போனபிறகு, தாசையன் வாசலில் என்னோடு நின்றார்.

"புதிய மெஷினும் போச்சு, இல்லியா சாறே?"

"ம்."

"செத்துப்போன சாறு பாவம். எனக்க மகளுக்கு அப்ளிகேஷன் எல்லாம் அவருதான் போட்டுத் தந்தது. அவரு இல்லேன்னா அவ படிச்சிருக்க மாட்டா. இப்பம் பாறசாலை ஆஸ்பத்திரியில வேலைக்கும் ஏறியாச்சு." சாவியை எடுத்துக் கதவைப் பூட்டினார். "ஆனா இந்த கம்ப்யூட்டர் காரியத்துல மட்டும் அவருக்கு அத்தற பிடி இல்ல. அதுக்கு எல்லாரும் இப்படி குறை பறயணுமா? எனக்கு சங்கடமாக்கும். நீங்க அவருக்க சிநேகிதரு, கூட்டுக்காரரு, நீங்க சொல்லுங்க. அவருக்கு பிடி இல்லாம போனதுதானே? வேற ஒண்ணும் இல்லியே?"

அவர் கண் கலங்கியிருந்தது. உனக்காக இந்தச் சபையில் வருந்திக்கொண்டிருக்கும் ஒரே ஆள். நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் மேற்கொண்டு யோசித்து, அந்தச் சனிக்கிழமை அணைத்த மெயின் சுவிட்சுவரை போயிருப்பார். யோசிக்கத் தெரிந்த மனிதர்தான்.

"ஆமா தாசையா," என்றேன். "அவனுக்கு ஒண்ணும் அறியாது."

அவர் ஆறுதலடைந்து போனார். நீ என்னிடம் கேட்டது மிண்டாமல் இருக்கத்தான். ஒரு நாள் இதைச் சொல்லவும் வேண்டிவரும் என்று நீ சொல்லவில்லை. சொல்லிவிட்டேன். இனி இந்த ஊரில் அது உன் கூட்டுக்காரனே ஒத்துக்கொண்ட விஷயம்.